அப்பாவுக்குக் கேட்காமல் போன வாசகம்

எங்கள் அப்பா இறைவனிடம் சென்று ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அவருடைய நற்குணங்களை வாசிக்க விரும்புவீர்கள். அவற்றைச் சொல்கிறேன். ஆனால் நடுவில் என் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அதை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தேன், எழுத வரவில்லை.

அப்பா பிறந்தது கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில். அவருடைய பெற்றோர் பிறர் தோப்பில் கூலி வேலை செய்தவர்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பதினாறு வயதில் தறி ஓட்டக் கருமத்தம்பட்டிப் பக்கம் வந்தார். திருமணமும் இங்கேதான், நாங்கள் இருவர் பிறந்ததும் இங்கேதான். அக்காவுக்குப் பத்து வயதும் எனக்கு ஆறு வயதுமாக இருந்தபோது அம்மா காய்ச்சலில் இறந்துவிட்டார். மறுமணம் பேச வந்தவர்களிடம், "புள்ளைக ரெண்டும் தூங்கட்டுமுங்க, பொறவு பேசிக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே அப்பா காலத்தை ஓட்டிவிட்டார்.

தறிச் சத்தத்தில் முப்பது ஆண்டுகள் நின்றதில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. வீட்டுக்குள் அவர் பேசினால் தெருமுனைவரை கேட்கும். எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் பங்குச் சாமியாரின் மறையுரையோ அவருக்கு வெறும் உதட்டசைவுதான். பூசையில் வேதாகம வாசகத்தை அக்கா வாசித்தால் மட்டும் கேட்கும். அக்கா உரக்க, நிறுத்தி வாசிப்பார். ஒரு வாக்கியம் முடிந்ததும் மூன்றாம் பெஞ்சில் இருக்கும் அப்பாவைப் பார்ப்பார். அவர் தலையசைத்த பிறகுதான் அடுத்த வாக்கியம். "உங்கப்பனுக்கு மட்டுந்தாம் பூசையாக்கு?" என்று மற்றப் பெண்கள் கேலி செய்வார்கள்.

அக்கா, மேட்டுப்பாளையத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் இந்துக் குடும்பத்துப் பிள்ளையைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அப்பா இரண்டு ஆண்டுகள் பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும், யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்விட்டார். திரும்பி வந்து, "மாப்ள நல்ல மனுசன். சத்தமாப் பேசறாரு" என்றார். அதன்பின் மாதம் ஒரு முறை போய் வந்தார். நான் போகவே இல்லை. கோவில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவையின் செயலாளன் என்ற மதிப்பு எனக்குப் பெரிதாக இருந்தது.

கடைசி மாதங்களில் நெஞ்சுச் சளி அவரைப் படுக்கையில் போட்டது. ஒரு நாள் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். "கண்ணு, என்ற அடக்கப் பூசையில அக்காதான் வாசிக்கோணும். அவ வாசிச்சாத்தான் எனக்குக் கேக்கும்" என்றார்.

"அப்ப உங்களுக்கு எப்படீங்கப்பா கேக்கும்?"

"உசுரோட இருக்கறப்பவே மத்தவங்க வாசிச்சாக் கேக்கறதில்ல. அதுக்குத்தான் சொல்றேன்."

நானும் சிரித்துவிட்டு, "சரிங்கப்பா" என்றேன். உள்ளுக்குள் சுருக்கென்றது. கூடவே இருந்து பார்த்துக்கொண்டவன் நான், அவர் கேட்டது அக்காவின் குரலை.

அப்பா இறந்த மறுநாள் காலை, கோவில் உபதேசியாரும் நானும் அடக்கத் திருப்பலியில் யார் என்ன செய்வது என்று தாள் எழுதினோம். பாடல்கள், மன்றாட்டுகள், பெட்டி தூக்குபவர்கள் எல்லாம் முடிந்தது. முதல் வாசகத்துக்கு நேராகப் பெரியப்பா மகன் பெயரை எழுதினேன். வேற்று மதத்தில் வாழ்க்கைப்பட்டவர் பீடத்துக்கு முன்னால் நின்றால், பேரவைக்காரன் வீட்டிலேயே இப்படியா என்று ஊர் கேட்கும் என்று பயந்தேன். பொறாமையும் இருந்தது. பயம் பாதி, பொறாமை பாதி.

முதல் பஸ்ஸில் வந்த அக்கா, அழுது முடித்துவிட்டு என்னிடம் வந்தார். "எந்த வாசகம்டா? ஒருக்காப் பாத்துக்கறேன்" என்றார்.

"சாமியாரு ஒத்துக்கலீங்க்கா" என்றேன்.

நான் சாமியாரிடம் கேட்கவே இல்லை. அப்பாவின் உடல் பக்கத்து அறையில் இருக்க, வாய் கூசாமல் சொன்னேன். அக்கா "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தார். கோவிலில் கடைசிப் பெஞ்சில் இருந்தார். பெரியப்பா மகன் பிழையில்லாமல்தான் வாசித்தான். ஆனால் மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் அது எழும்பவில்லை. பெட்டி மூன்றாம் பெஞ்சுக்கு நேராக இருந்தது. அப்பாவுக்கு இது கேட்காதே என்று அப்போது நினைத்தேன்.

ஆண்டு நினைவுப் பூசைக்காக இரண்டு மாதம் முன்பு பங்குத்தந்தையைப் பார்க்கப் போனேன். அவர், "போன தடவை உங்க அக்கா ஏன் வாசிக்கல? உங்க அப்பா எங்கிட்டக் கேட்டு, நானும் சரின்னிருந்தேனே. தாள்ல வேற பேர் இருந்துச்சு, துக்கத்துல அவங்களே வேண்டாம்னுட்டாங்களோன்னு விட்டுட்டேன்" என்றார். அப்பா முன்பே அனுமதி வாங்கி வைத்திருக்கிறார்.

அன்றே மேட்டுப்பாளையம் போனேன். அக்கா வீட்டு வாசற்படியை நான் மிதித்தது அதுவே முதல் முறை. அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கத்தியைக் கீழே வைத்தார். "சாமியாரே வேண்டாம்னுட்டாருன்னு நெனச்சு, இந்தப் பத்து மாசமா நான் கோயிலுக்கே போகலீடா" என்றார். அழக்கூட எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது. மன்னிப்புக் கேட்டேன். ஆண்டுப் பூசையில் வாசிக்க வரும்படி கூப்பிட்டேன். அவர் மீதி அவரைக்காயை நறுக்கத் தொடங்கினார்.

அப்பாவின் இறுதி நாட்களில் வீடு தேடி வந்து ஊசி போட்ட மருத்துவர், நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தை, பெட்டி சுமந்த தறிக்கூடத் தோழர்கள், மூன்று நாள் சமைத்துப் போட்ட அண்டை வீட்டார் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடக்க நாளில் கோவிலுக்குள் வரலாமா என்று தெரியாமல் வாசலிலேயே நின்று, வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்த அக்காவின் கணவருக்கு நன்றி சொல்ல எனக்கு முகமில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

மேட்டுப்பாளையம் போன அன்று, பஸ் நிறுத்தம்வரை அக்கா கூட வந்தார். பஸ் கிளம்பும்போது, "நீ கூப்புட்டீன்னு வரல. அப்பாவுக்குக் கேக்கோணும். மைக்க நல்லாச் சத்தமா வெக்கச் சொல்லு" என்றார்.

ஆகவே, இன்றைய பூசையில் முதல் வாசகம் அக்கா. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்துவார். சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

— மகன்