பாம்புக் காது

மருத்துவமனையில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் குறைவு. காதுக்காரர் என்றால் வாசல் காவலாளிக்கும் தெரியும். இருபத்திரண்டு வருடமாக இரண்டாம் மாடியின் கோடியில், சத்தம் புகாத ஓர் அறையில், யாருக்கு எதுவரைக்கும் கேட்கிறது என்று அளந்து தாளில் கோடு போடுவது அவர் வேலை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்தவர்கள், இந்தப் பக்கம் அவரும் கருவியும்.

குழந்தைகள் விஷயத்தில் அவருக்குக் கைராசி என்று பேர். சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்று சின்னக் குழந்தையிடம் சொன்னால் தூக்காது. அதனால் ஒரு மரக்கட்டையைக் கொடுப்பார். சத்தம் கேட்டதும் டப்பாவில் போட வேண்டும். நாலு தடவை கையைப் பிடித்துப் போடவைத்தால் ஐந்தாவது தடவை அதுவே போடும். "இந்த டப்பா ஒண்ணு வீட்டுலயும் வாங்கி வைங்கம்மா, அரை மணி நேரம் நிம்மதியாத் தூங்கலாம்" என்று அம்மாக்களைச் சிரிக்கவைப்பார்.

பேச்சு வராத குழந்தைகள்தான் அதிகம் வருவார்கள். பேச்சு வரவில்லையா, முதலில் காதைப் பார், அதுதான் வரிசை. காது நன்றாக இருந்தும் பேசவில்லை, பெயரைச் சொன்னால் திரும்பவில்லை என்றால் தாளின் அடியில் ஒரு முத்திரை குத்துவார்: 'குழந்தை வளர்ச்சி மருத்துவரைப் பார்க்கவும்.' காது நன்றாக இருக்கிறது என்றதும் பெற்றவர்கள் முகம் மலரும். அந்த மலர்ச்சி அடங்குவதற்குள், "அப்படியே கீழ போய் அந்த டாக்டரையும் பாத்துடுங்க. இன்னிக்கே" என்று விரட்டுவார். நாளைக்கு என்றால் வர மாட்டார்கள். அவர் பார்த்தது.

அவருடைய மகளை வீட்டில் பொம்மி என்பார்கள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தவள். இரண்டரை வயது தாண்டியும் அம்மா என்ற சொல் வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போவாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். செருப்புகளை வரிசையாக அடுக்குவாள். யாராவது ஒன்றை நகர்த்திவிட்டால் வீடு இரண்டுபடும்.

அவர் மனைவிக்குத் தபால் நிலையத்தில் வேலை. கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்துப் போடுவாள். "ஊரார் பிள்ளைங்க காதையெல்லாம் குடையறீங்க. நம்ம பொண்ணு காதைப் பாக்க மட்டும் நேரமில்லையா?" என்று அவள் குத்திக்காட்டிய மறுநாள், மத்தியான இடைவேளையில் பொம்மியை அந்த அறையில் உட்காரவைத்தார்.

அவ்வளவு சுத்தமாக எந்தக் குழந்தையும் செய்ததில்லை. சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனார். பெரியவர்களே கோட்டைவிடும் சத்தத்துக்கும் கட்டை டப்பாவில் விழுந்தது. கடைசியாக, எல்லாக் குழந்தைகளுக்கும் செய்வதுபோல், ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்.

"பொம்மி."

அவள் அடுத்த கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு டப்பாவையே பார்த்திருந்தாள்.

"பொம்மிக்குட்டி. அப்பாவைப் பாரு."

மூன்று தடவை கூப்பிட்டார். தலை திரும்பவில்லை.

தாளில் கோடு போட்டார். தேதி போட்டார். முத்திரையை எடுத்து மையில் ஒற்றவும் செய்தார். பிறகு அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இவளுக்குப் பாம்புக் காது" என்றார் வீட்டில். "பக்கத்து வீட்டு ரகசியமெல்லாம் இனி இவகிட்டதான் கேக்கணும்."

"அப்புறம் ஏங்க பேச மாட்டேங்குறா?"

"பேசுவா. நானே மூணரை வயசுலதான் வாயைத் திறந்தேனாம்."

"இப்ப மட்டும் என்ன பேசிக் கிழிக்கிறீங்க" என்று அவள் சிரித்தாள். சிரித்து வெகு நாளாகியிருந்தது. அதைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒரு மாதம் பார்க்கலாம் என்று நினைத்தார்.

அந்த ஒரு மாதம் மூன்று வருடம் ஆனது. நடுவில் இரண்டு தடவை, "எதுக்கும் ஒரு டாக்டர்கிட்ட காட்டலாமே" என்று அவள் கேட்டாள். "காதுதான் நல்லா இருக்கே" என்றார். காதுக்காரரே சொன்ன பிறகு அதற்கு மேல் அப்பீல் ஏது? சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். "அம்மாக்காரி ஆபீஸ் ஆபீஸ்னு ஓடினா பிள்ளை யார்கிட்ட பேசும், சுவத்துகிட்டயா?" என்றாள் அவர் அக்கா. போனைப் பார்த்துப் பார்த்துத்தான் என்றார் ஒரு மாமா. மனைவி போனை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அதுவும் போதாதென்று வேலையை விட்டாள். ராஜினாமாக் கடிதத்தை அவர்தான் எழுதிக்கொடுத்தார். அவருக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். அப்போது சொல்லியிருக்கலாம். "இப்படிக்கு" என்பதற்குக் கீழே இடம் விட்டார், அவள் கையெழுத்துப் போட.

அந்த மூன்று வருடத்தில் மற்றவர்கள் தாளில் முத்திரை குத்த அவர் ஒரு நாளும் தவறவில்லை.

ஆறு வயது நெருங்கும்போது, டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். கீழ்த்தளத்து டாக்டர் இரண்டு நாள் வரச்சொன்னார். பொம்மி விளையாடுவதைத் தரையில் உட்கார்ந்து பார்த்தார். அவள் அம்மாவிடம் பிறந்ததிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். இரண்டாம் நாள், ஆட்டிசம் என்றார்.

"நான் வேலைக்குப் போனதாலயா டாக்டர்?"

"இல்லம்மா. மூளை வளர்ற விதமே இவங்களுக்குக் கொஞ்சம் வேற. பெரும்பாலும் பிறக்கும்போதே வர்றது, மரபணு வழியா. நீங்க வீட்டுல இருந்தாலும் இப்படித்தான் இருந்திருப்பா."

"போன்?"

"அதுவும் இல்ல. இதை மாத்துற மருந்துன்னு எதுவும் கிடையாது, பயிற்சிதான். பேச்சு, படத்தைக் காட்டிக் கேக்கறது, கை வேலை. எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது." டாக்டர் காதுக்காரரிடம் கையை நீட்டினார். "காது ரிப்போர்ட் குடுங்க. உங்க வீட்டுல அதுக்கா பஞ்சம்."

புதிதாக ஒரு தாள் போட்டிருக்கலாம். பத்து நிமிட வேலை. அவர் போடவில்லை. நாலாக மடித்ததையே எடுத்துக் கொடுத்தார்.

டாக்டர் தேதியைப் பார்த்தார். அடியில் பார்த்தார். "கூப்பிட்டா திரும்பினாளா அப்ப?"

"இல்ல."

"எனக்குக் குழந்தைங்களை அனுப்புறதே நீங்கதானே" என்றார் டாக்டர், மெதுவாக.

மனைவி தாளை வாங்கிக்கொண்டாள். தபாலில் இருந்தவள், முதலில் தேதிக்குத்தான் அவள் கண் போகும்.

பஸ் நிறுத்தத்தில், பொம்மி அவள் மடியில் தூங்கிப்போன பிறகு கேட்டாள்.

"மத்தவங்களை எத்தனை நாள்ல அனுப்புவீங்க?"

"அன்னிக்கே."

பஸ் ஒன்று வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. அது போய்விட்டது.

"நான் போனைப் பூட்டினேன். வேலையை விட்டேன். எல்லாத்தையும் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

பொம்மியின் காலிலிருந்து நழுவிய செருப்பை அவர் குனிந்து எடுத்தார்.

"அப்பவே காட்டியிருந்தா எவ்வளவு பேசியிருப்பா?"

"தெரியாது. யாராலயும் சொல்ல முடியாது."

இவ்வளவுதான் நஷ்டம் என்று தெரிந்தால் உட்கார்ந்து அழுதுவிட்டாவது எழுந்திருக்கலாம். அதற்கும் வழியில்லை.

"பயிற்சிக்கு நீங்க கூட்டிட்டுப் போங்க" என்றாள். "நான் வேலை தேடணும். என் இடத்துக்கு எப்பவோ வேற ஆள் வந்தாச்சு."

அடுத்த வாரம் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பொம்மியைக் கூட்டிப்போனார். பயிற்சிக்கூடத்துக்கு வெளியே நீளமான பெஞ்சில் அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி சட்டென்று எழுந்தாள்.

"காதுக்கார சார்தானே? ஞாபகம் இருக்கா? மூணு வருஷத்துக்கு முன்னாடி இவளைக் கூட்டிட்டு வந்தேன். இன்னிக்கே கீழ போன்னு விரட்டினீங்க. அன்னிக்கு உங்களைத் திட்டாத திட்டு இல்ல, நல்லா இருக்கிற பிள்ளைக்கு நோவு தேடுறான் மனுஷன்னு." அவளை ஒட்டி நின்ற பெண் குழந்தை அவள் புடவையை இழுத்து, "போலாம், போலாம்" என்றது. "இருடி. இன்னும் எவ்வளவோ இருக்கு சார். ஆனா வேணுங்கிறதை வாயால கேக்குறா. நீங்க நல்லா இருக்கணும்."

"சரிம்மா" என்றார் அவர்.

"நீங்க என்ன சார் இங்க? யாரையாவது பாக்க வந்தீங்களா?"

"என் பொண்ணு."

"அட. எப்பத்திலிருந்து வர்றா?"

"இன்னிக்குத்தான் முதல் நாள்."

அந்தப் பெண் பொம்மியைப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை, அவள் உயரத்தை. பிறகு தன் மகளைப் பார்த்தாள். பெஞ்சிலிருந்த தன் பையைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, "உக்காருங்க சார்" என்றாள்.