புழுக் கொட்டகையிலிருந்து ஒரு ரீங்காரம்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு மாரண்டஹள்ளியில் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். பயப்பட எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும். எண்பதுகளின் நடுவில் ஒரு கோடையில் அது பட்டுப்புழுவாக வந்தது. மல்பெரித் தோட்டத்துக் கடைசியில் கொட்டகை போட்டு, முதன்முறையாக நிறையப் புழு வளர்த்தோம். கூடு கட்டும் பருவம் நெருங்கிவிட்டது. உள்ளே சூடு ஏறினால் புழு தழை தின்னாது. தலையைத் தூக்கிக்கொண்டு கிடந்து செத்துப்போகும்.

அதனால் ஓயாமல் போய்த் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் அனல் உள்ளே புகுந்தது. புழுவைக் கவனித்துக்கொண்டிருந்த என் மனைவி வாசலில் மறித்தாள்.

"ஏங்க, சூட்டப் பாக்கறேன் பாக்கறேன்னு நீங்கதான் சூட்ட உள்ள வுடறீங்க. காலு கூட கழுவாம வேற வரீங்க. வூட்லயே கெடங்க."

வீட்டிலேயே கிடந்து சூட்டைப் பார்க்க வேண்டும். எப்படி? அன்றே கடையில் உட்கார்ந்தேன். பழைய ரேடியோக்களில் தெர்மிஸ்டர் என்று பொத்தான் அளவில் ஒன்று இருக்கும். சூடு பட்டால் அதில் மின்சாரம் கூடுதலாக ஓடும். அதைக் கழற்றி, இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு கம்பிச்சுருள், டார்ச் பேட்டரி எல்லாம் சேர்த்துப் பலகையில் பற்றவைத்தேன். சூடு ஏற ஏற அது ரேடியோவுக்கு அனுப்பும் ஒலி கீச்சென்று மெல்லிசாக வேண்டும், குளிரக் குளிரத் தடிக்க வேண்டும். என் ரேடியோவில் எந்த ஸ்டேஷனும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, பலகையைத் தெருவில் வைத்துவிட்டு ஓடிவந்தேன். 'ர்ர்ர்' என்றது! கம்பியே இல்லாமல்! ஒரு குதி குதித்தேன். அடுத்த நொடியே, லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்புவதற்குப் போலீஸ் வருமோ என்று சத்தத்தைக் குறைத்தேன்.

கொட்டகை ஜன்னலோரத்து ஆணியில் அதை மாட்டினோம். ஒலிகளுக்கு மனைவிதான் பேர் வைத்தாள்: குளிருக்கு எருமை, சரியான பதத்துக்கு வண்டு, சூட்டுக்குக் கொசு. பக்கத்துத் தோட்டக்காரர் வேலியோரம் நின்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"என்னாண்ணா, புழுவுக்குக் கச்சேரி வெச்சிட்டீங்களா? எங்கூட்டு மாட்டுக்கும் ஒண்ணு கட்டிக் குடுங்க, பால் கறக்கறப்ப பாடட்டும்."

இரண்டு நாள் வண்டு பாடியது. நான் நிம்மதியாகச் சோறு தின்றேன்.

மூன்றாம் நாள் மதியம் வாசல் மண் காலைப் பொசுக்கியது. ரேடியோவோ வண்டிலிருந்து மெல்ல எருமைப் பக்கம் இறங்கியது. வெளியே இப்படிக் கொளுத்தும்போது உள்ளே எப்படிக் குளிரும்?

"வண்டுதானே பாடுது, ஒக்காருங்க. உங்க மெஷினயே நீங்க நம்ப மாட்டீங்களா?" என்றாள் மனைவி.

நம்பவில்லை. ஓடினேன். அந்த அவசரத்திலும் காலைக் கழுவிக்கொண்டேன். அவளிடம் எனக்கு அவ்வளவு பயம். உள்ளே முகத்தில் அனல் அடித்தது. புழுக்கள் தழையை விட்டுத் தலை தூக்கிக் கிடந்தன. குளிர்ச்சிக்காகக் காலையில் அவள் நனைத்த கோணிச்சாக்கை என் ஆணியிலேயே மாட்டியிருந்தாள். ஈரச்சாக்கு தெர்மிஸ்டரைப் போர்த்தியிருந்தது. அது இத்தனை நேரமும் சாக்கின் குளிர்ச்சியைத்தான் பாடியிருக்கிறது.

பின்னாலேயே வந்தவள் பார்த்ததும், "ஐயோ, நாந்தாங்க மாட்டினேன்!" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பலகையைக் கழற்றி, புழுத் தட்டுகளில் நடுத்தட்டின் அருகே தொங்கவிட்டேன். பக்கத்துத் தோட்டக்காரர் ஏணி வைத்து ஓட்டின்மேல் தண்ணீர் ஊற்றினார். நாங்கள் தரையை நனைத்து, எல்லா ஜன்னலுக்கும் ஈரச்சாக்கு கட்டினோம். வீட்டிலிருந்து தூக்கிவந்து கொட்டகை வாசலில் வைத்த ரேடியோவில் கொசு கீச்சென்று கத்தியது.

"கொசு எறங்குதுண்ணா! ஊத்தவா, போதுமா?" மேலிருந்து அவர் கத்தினார்.

"ஊத்துங்க! இன்னும் ஊத்துங்க!"

கீச்சொலி தடித்தது. தடித்துத் தடித்து வண்டாயிற்று. மனைவி புதுத் தழையைத் தட்டில் பரப்பினாள். குனிந்து பார்த்தோம். ஒரு புழு தலையைத் தாழ்த்தித் தழையின் ஓரத்தைக் கடித்தது. அப்புறம் அதன் பக்கத்தில் ஒன்று.