சூட்டில் மட்டும் நிற்கும் வண்டி

அந்த மெக்கானிக்குக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடைக்காரரே யோசிப்பார். "ஆறட்டும் கடை எங்கே?" என்று கேட்டால் தெருமுனையிலேயே கைகாட்டிவிடுவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை அவசரப்பட்டுத் திறந்துவிட்டார். வலது முன்கை வெந்துபோயிற்று. அந்த இடத்தில் தோல் இன்றும் சுருங்கிப் பளபளப்பாகத்தான் கிடக்கிறது. அதற்குப் பிறகு எந்த வண்டி வந்தாலும் நிழலில் நிறுத்தச் சொல்வார், பானெட்டைத் தூக்கிவிடுவார், "ஆறட்டும்" என்பார். பிறகு டீ வரும், வண்டிக்காரருக்கும் சேர்த்து. மற்றபடி கைராசிக்காரர். நல்ல பாகத்தைக் கெட்டது என்று சொல்லிக் கழற்ற மாட்டார். கோபம் வந்தால் அதையும் ஆறப்போட்டுத்தான் பேசுவார் என்பது அவர் மனைவியின் புகார்.

அப்படிப்பட்டவருக்குத் தண்ணி காட்டியது அவருடைய சொந்த அக்காவின் பழைய பிக்கப்.

அக்கா சலவைத் தொழில் செய்பவர். ஊரின் மறுகோடியில் உள்ள பராமரிப்பு இல்லத்துக்குத் தினமும் காலையில் துவைத்த விரிப்புகளைக் கொண்டுபோய்க் கொடுத்து, அழுக்கை ஏற்றி வருவார். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைத் துடைத்து முடிப்பதற்குள் உலர்ந்த விரிப்பு வந்தாக வேண்டும். ஈரத்தில் கிடந்த முதுகில் புண் வந்துவிட்டால் லேசில் ஆறாது. அதனால் அங்கே யாரும் தாமதத்துக்குச் சமாதானம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அந்த வண்டியோ பாதி வழியில், இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, சட்டென்று அணைந்துவிடும். சாவியை எத்தனை முறை திருப்பினாலும் பிடிக்காது. ஓரமாக நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால், கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.

தம்பி பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார். பிளக்கைச் சுத்தம் செய்தார். இரவல் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார், அது ஒரு பிழையும் காட்டவில்லை. சந்தேகப்பட்ட சென்சார்களை எல்லாம் மீட்டர் வைத்து அளந்தார், எல்லாம் சரியாகவே இருந்தன. எல்லாம் டீ குடித்த பிறகு.

ஒருநாள் மதியம் பிக்கப் மறுபடியும் கடைக்கு வந்தது.

"வாக்கா. வண்டியை நிழல்ல விடு. முதல்ல ஆற..."

"வாயை மூடு. இன்னிக்கும் நடுரோட்டுல நின்னுடுச்சு. இன்னொரு தடவை லேட்டானா வேற ஆளைப் பாத்துக்கறோம்னு அந்த மேற்பார்வை அம்மா சொல்லிட்டாங்க. அந்த ஒரு இடம் போச்சுன்னா நான் கடையை மூட வேண்டியதுதான்."

"நான் என்னக்கா செய்ய? இங்க வந்தா ஒழுங்கா ஓடுதே."

அக்கா இடுப்பில் கைவைத்து அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நம்ம அம்மாவுக்குச் சாயங்காலமானா குளிர்காய்ச்சல் அடிக்குமே, ஞாபகம் இருக்கா? நீ காலைல வந்து நெத்தியைத் தொட்டுப் பாத்துட்டு, 'நல்லாத்தானேக்கா இருக்காங்க'ன்னு போயிடுவ. ராத்திரி முழுக்க முழிச்சுக் கிடந்தவ நான். இப்ப இந்த வண்டிகிட்டயும் அதையேதான் செய்யுற."

தம்பி டீயைக் கீழே வைத்தார். கடையை ஒட்டிய வீட்டுக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

"அண்ணி சொல்றது சரிதானே? நாளைக்கு நீங்களும் கூடப் போங்க. காய்ச்சல் வரும்போது பக்கத்துல இருங்க."

மறுநாள் காலை, மடியில் கருவிப்பெட்டியோடு அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனார். பாலத்தைத் தாண்டி ஏற்றம் தொடங்குகிற இடத்தில் வண்டி அணைந்தது. அக்கா அதை ஓரத்துக்கு உருட்டி நிறுத்தினார்.

"கொஞ்சம் ஆற..." என்று வழக்கம்போல் வாய் தொடங்கிவிட்டது.

"ஆறுச்சுன்னா ஓடிடும். ஓடிடுச்சுன்னா உனக்கு ஒண்ணும் புரியாது. பாருடா!"

"சரி, சாவியைத் திருப்பு."

இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. அவர் கண் இன்ஜின் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள்ளின்மேல் இருந்தது. கடையில் சாவியைத் திருப்பும்போது அந்த முள் லேசாகத் துள்ளும். இப்போது செத்துக் கிடந்தது.

"இன்னொரு தடவை... அக்கா, இன்ஜின் சுத்துது. ஆனா சுத்துறோம்னு அதுக்கே தெரியல."

"தமிழ்ல சொல்லு."

"கீழ ஒரு சென்சார் இருக்கு, விரல் அளவுதான். இன்ஜின் சுத்துதுன்னு சேதி சொல்றது அதோட வேலை. அது வாயை மூடிக்கிட்டா பெட்ரோலும் வராது, பொறியும் வராது. முதல்ல அது மேலதான் எனக்குச் சந்தேகம். ஆனா மீட்டர்ல சரியா காட்டிச்சு."

"ஆறினப்புறம்."

"ஆமா. ஆறினப்புறம்."

வண்டிக்கு அடியில் படுத்துக் கையை விட்டால் சென்சார் எட்டும். ஆனால் புகைக்குழாயை ஒட்டித்தான் கை போக வேண்டும். குழாய் அனலடித்தது. அவர் சாலையோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே இருந்தார்.

அக்கா அவர் முன்கையைப் பார்த்தார். கிண்டல் எதுவும் செய்யவில்லை. பின்னால் போய், அடுக்கிலிருந்து தடித்த குளியல் துண்டு ஒன்றை உருவி வந்து, மணிக்கட்டிலிருந்து தோள்வரை இறுக்கிச் சுற்றி, நுனியைச் செருகிவிட்டார். இன்னொரு சிறிய துண்டைக் குடிதண்ணீரில் நனைத்துப் பிழிந்து நீட்டினார்.

"காய்ச்சல்னா ஈரத்துணி போடு. போ."

அவர் அடியில் நுழைந்தார். துணி பட்ட இடத்தில் 'உஸ்' என்று ஆவி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திப் பிடித்தார். அக்கா இன்னொரு முறை நனைத்துக் கொடுத்தார். இன்ஜின் அப்படியே கொதித்துக்கொண்டிருந்தது, குளிர்ந்தது அந்தச் சென்சார் ஒன்றுதான். துணியை உருவிக்கொண்டு வெளியே உருண்டு வந்து கத்தினார்.

"இப்பத் திருப்பு!"

முள் துள்ளியது. அடுத்த நொடி இன்ஜின் பிடித்துக்கொண்டது.

இல்லத்துக்குப் போவதற்குள் வண்டி இன்னொரு முறை நின்றது. அப்போது அக்கா சொல்லும்வரை அவர் காத்திருக்கவில்லை. துண்டோடு தானே குதித்து இறங்கினார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது உள்ளே அப்போதுதான் வெந்நீர் வாளிகளைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வை அம்மா விரிப்புகளை வாங்கிக்கொண்டு, கிரீஸ் அப்பிய தம்பியைப் பார்த்தார்.

"அவர் கையில சுத்தியிருக்கறது எங்க துண்டா?"

"ஆமாம்மா. நாளைக்கு வெள்ளையா வந்துடும்" என்றார் அக்கா, கண் இமைக்காமல்.

தம்பி வீடு திரும்பியதும் சென்சாரைக் கழற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மீட்டர் கம்பிகளை வெளியே விட்டு, அடுப்பில் இருந்த வெந்நீரில் இறக்கினார்.

"என் பாத்திரத்துல என்ன பண்றீங்க?"

"இரு, இரு."

மீட்டரில் எண் மெல்ல ஏறியது. ஏறிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் காணாமல் போனது. உள்ளே இருந்த மெல்லிய கம்பிச் சுருள் சூட்டில் விரிந்து எங்கோ விட்டுப்போகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது.

"போச்சு! போச்சு!" என்று கைதட்டினார்.

"ஒரு பொருள் கெட்டுப்போனதுக்கு இவ்வளவு சந்தோஷப்படுற ஆளை நான் பாத்ததே இல்ல" என்றார் மனைவி.

அன்றே புதிய சென்சார் வாங்கி மாட்டினார். அதற்குப் பிறகும் சில காலைகள், காரணம் எதுவும் சொல்லாமல் அக்காவோடு வண்டியில் ஏறிக்கொண்டார். பாலத்து ஏற்றத்தில் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு முள்ளையே பார்ப்பார்கள். வண்டி பாட்டுக்கு ஏறிப் போகும்.

ஒருநாள் விரிப்புகளை எண்ணி வாங்கிய பிறகு மேற்பார்வை அம்மா அக்காவை நிறுத்தினார். "எல்லா அறை திரைச்சீலையும் துவைக்கணும். உங்களால முடியுமா?"

அக்கா வெளியே வந்து தம்பியிடம் கேட்டார். "திரைச்சீலை எல்லாம் நல்ல கனம்டா. வண்டி தாங்குமா?"

ஏற்றம் ஏறி வந்த சூடு இன்னும் அடங்கவில்லை. அவர் பானெட்டைத் தூக்கினார். இருக்கையில் கிடந்த பழைய துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு, உள்ளே குனிந்து பார்த்தார்.

"தாங்கும்க்கா. போய்ச் சரின்னு சொல்லு."