மாஜரீன் ரின்னில் கண்டுபிடித்த நஞ்சு

எங்கள் பகுதிக்கு வாய்த்திருந்த சுகாதாரப் பரிசோதகர் மீது எனக்கிருந்த இளக்காரம் இத்தனை வருடங்களுக்குப் பிறகும் குறையவில்லை. குறைய அவர் இடம் வைக்கவுமில்லை.

எழுபதுகளின் கடைசி. இறக்குமதித் தடைகள் தளர்ந்து வெளிநாட்டுச் சாமான்கள் யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கும் வரத் தொடங்கியிருந்தன. அத்தான் இறந்தபின் என் அக்கா ஊர்காவற்றுறையில் தனியாக ஒரு சின்னப் பேக்கரி நடத்தி வந்தார். நான் பக்கத்துக் கரம்பொன்னில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தேன். நத்தார்ப் பண்டிகைக் கேக்குகளுக்கு வெண்ணெய்க்குப் பதிலாகப் போட, அக்கா தகர ரின்களில் அடைத்த வெளிநாட்டு மாஜரீன் வாங்கி அடுக்கியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை பரிசோதகர் வந்தார். ரின் ஒன்றை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, லேபிளின் பொடி எழுத்துகளை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“லெ-சி-த்-தின். உதென்ன?”

“லெசித்தின். எண்ணெயும் தண்ணியும் பிரியாமல் பிடிச்சு வைக்கிற சாமான். சோயா அவரையிலையிருந்து எடுக்கிறது,” என்றேன்.

“ரீச்சர், டொக்சின் எண்டாலும் லெசித்தின் எண்டாலும் உந்த ‘இன்’னிலை முடியிறதெல்லாம் நஞ்சுதான்.”

“அப்ப விற்றமின்? பென்சிலின்?”

“படிப்பிக்கிற வேலையை நீங்கள் பாருங்கோ. சட்டம் எனக்குத் தெரியும்.”

உணவில் எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக்கூடாது என்று சட்டத்தில் எழுதித்தான் வைத்திருந்தார்கள். அதை அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை என்பது அவருடைய முகத்திலேயே தெரிந்தது. வீதியோரமாகக் கிடங்கு வெட்டுவித்து, ரின்களை உடைத்துக் கொட்டி, மேலே மண்ணெண்ணெய் ஊற்றி மூடினார். சந்தைக்குப் போன சனமெல்லாம் நின்று பார்த்தது. பின்னேரத்துக்குள் அக்கா நஞ்சுக் கேக் விற்கிறா என்று கதை மண்டைதீவு வரை போய்விட்டது. கேக்குக்குச் சொல்லி வைத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக ஆள் விட்டு, வேண்டாம் என்றார்கள். அக்கா அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

இதே மனிதரின் மச்சான் எங்கள் பள்ளிக்கூட வாசலில் சிவப்பு இனிப்பு விற்றான். அதில் சேர்த்தது சீலைக்குப் போடுகிற சாயம். தின்ற பிள்ளைகளின் நாக்கு அடுத்த நாளும் சிவந்திருக்கும். நான் பரிசோதகரிடமே இரண்டு முறை முறையிட்டேன். “சின்னப்பிள்ளையள் ஆசைப்பட்டுத் தின்னுதுகள், விடுங்கோ ரீச்சர்,” என்றார்.

திங்கட்கிழமை நான் லீவு போட்டுவிட்டு யாழ்ப்பாணம் போய், அவருக்கு மேலிருந்த வைத்திய அதிகாரியைக் கண்டேன். அவர் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவினார்.

“லெசித்தினுக்குத் தடையில்லையே, பிள்ளை. முட்டை மஞ்சட் கருவிலையும் இருக்கிறது அதுதான். நான் ஆளோடை கதைக்கிறன்.”

கதைத்திருக்க வேண்டும். அந்தக் கிழமை முடியுமுன்பே பரிசோதகர் பேக்கரிக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

“உங்கடை நன்மைக்குத்தான் செய்தனான். சனத்தின்ரை சுகம் முக்கியமெல்லோ. இனி நீங்கள் அதைப் பாவிக்கலாம்.”

அக்கா உள்ளே போய், அவர் எங்கு போனாலும் கேட்டு வாங்கிக் குடிக்கும் முட்டைக் கோப்பியை அடித்துக்கொண்டு வந்து வைத்தார். எனக்கு அக்காவிலும் கோபம் வந்தது. பரிசோதகர் பாதி குடிக்கும்வரை பொறுத்திருந்தேன்.

“ஐயா, உந்தக் கோப்பியிலை லெசித்தின் கிடக்கு. மஞ்சட் கருவிலை நிறைய இருக்கு.”

அவர் கோப்பையை உற்றுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மிச்சத்தையும் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார்.

“முட்டையிலை இருக்கிறது வேறை, ரின்னிலை இருக்கிறது வேறை,” என்று சொல்லி எழும்பிப் போனார்.

கொஞ்சக் காலத்தில் அவருக்குப் பதவி உயர்வோடு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. பிரியாவிடைக்கு எங்கள் பள்ளிக்கூடத்திலும் ஆட்களைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.

அடுத்த நத்தாருக்கு அதே பெண்கள் ஒன்றுமே நடவாததுபோல் கேக்குக்குச் சொல்ல வந்தார்கள். அக்கா சிரித்துக்கொண்டே, “ஓம், செய்து தாறன்,” என்றார். அந்தச் சிரிப்பு எனக்கு வராது. நான் குசினிக்குள் போய், அவர்கள் போகும்வரை சல்லடையில் மா அரித்துக்கொண்டு நின்றேன்.