குவளையில் திரண்ட கறுப்புத் தூள்

விசுவமடுவிலிருந்து பஸ்ஸில் வவுனியா ஆய்வுகூடத்துக்கு வருபவள் கஜேந்தினி. இரத்தத்தில் போதைப்பொருள் உண்டா என்று பார்ப்பது அவள் வேலை. அவள் கலக்கும் நுண்ணிய காந்தத் தூள் அதைப் பிடித்துக்கொள்ளும். குழாயைக் காந்தத்தில் நிறுத்தினால் தூள் ஒட்டிநிற்கும், மிச்சத்தை ஊற்றிவிடலாம்.

அன்று அவள் வரும் பஸ்ஸின் சாரதி சதீஸின் இரத்தம். முடிவு வரும்வரை அவனுக்கு வேலையில்லை. அவசரத்தில் குழாயைக் காந்தத்திலிருந்து எடுத்து ஊற்றினாள், தூளும் போனது. வேறு இரத்தம் இல்லை.

"கழிவு வாளிக்குள்ளயோ ஊத்தினனீர்?" என்றார் பொறுப்பாளர் அமராவதி.

"இல்லை அக்கா, புதுக் குவளையில. முடிவு வரும்வரை நான் ஒண்டும் எறியிறேல்லை."

"குப்பை சேர்க்கிறீர் எண்டு இனிப் பேசமாட்டன். காந்தத்தில வையும்."

குவளையின் ஓரத்தில் தூள் திரண்டது. பிழையைப் பதிவேட்டில் எழுதினாள். தூள் ஏதும் தவறினால் தெரியவேண்டும் என்று தொடக்கத்திலேயே இரத்தத்தில் அளந்து சேர்த்திருந்த வேறொரு மருந்து முழுதாகக் கிடைத்தது, போதைப்பொருள் இல்லை.

அடுத்த கிழமை சதீஸ்தான் பஸ்ஸை ஓட்டிவந்தான்.

"கெதியா ஏறுங்கோ தங்கச்சி!"

ஏறினாள்.