மூச்சு விடும் தராசு

இது கட்டிவிட்ட கதை இல்லை. பட்டப்பகலில், சாப்பாட்டு இடைவேளையில் நடந்தது. நடந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். பேய் என்றால் வாய்விட்டுச் சிரிப்பார். மனிதர்களைப் பார்த்தும் அப்படித்தான்.

தராசு ரிப்பேர் செய்பவர். தொழிலில் அவருக்கு 'மில்லிகிராம்' என்று பெயர். அந்த மருந்துக் கம்பெனியின் எடை அறைக்குள் நுழைந்ததுமே அவருக்கு இளக்காரம் பொங்கியது. தராசுக்கு நேர் மேலே ஏசி. சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரெசர்.

"தராசு வச்சிருக்கீங்களா, ஊஞ்சல் கட்டியிருக்கீங்களா?"

மேலாளர் எடை போடும் பெண்ணைக் காட்டினார். "இவ போடுற எடை தப்பாவே வருது. மெஷின் சரின்னு எழுதிக் குடுங்க, போதும். இவள இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுறேன்."

அவள் கையைப் பிசைந்தாள். "நான் தொடாதப்பவும் எண் ஆடுது சார். யாரோ பக்கத்துல மூச்சு விடுற மாதிரி..."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்றார் மில்லிகிராம்.

இருவரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். ஏசியையும் கம்ப்ரெசரையும் நிறுத்த வைத்தார். கல்மேடையில் தராசை மட்டம் பார்த்து வைத்து, கண்ணாடிக் கூண்டை மூடினார். பூஜ்யம் காட்டியது. இதற்குப் போய் ஒரு பேயாம் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது கடைசி எண் அசைந்தது.

ஏறியது... இறங்கியது... ஏறியது...

தன் மூச்சோ என்று அடக்கிப் பார்த்தார். எண் அடங்கவில்லை. மூடிய கண்ணாடியின் உள்பக்கம் காசளவு ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

வேறு யாராவது என்றால் ஓடியிருப்பார்கள். இவருக்குக் கோபம்தான் வந்தது.

"வெட்டியா உக்காந்து மூச்சு விடுறியா? எங்கூட வா. பை தூக்க ஆளில்ல!"

கிரீச்...

தராசு முன்னால் கிடந்த காலி ஸ்டூல் பின்னால் நகர்ந்தது. எண் பூஜ்யத்தில் நின்றது.

'மெஷின் சரி. கை நடுக்கம்' என்று எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண் அழுதாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் எடைமேடை. சரக்கு திருட்டுப் போகாமலிருக்க, எல்லா வண்டியையும் வரும்போதும் போகும்போதும் நிறுப்பார்கள். காவலாளி கையை நீட்டி அவர் காரைத் தடுத்தார்.

"வந்ததவிட நாப்பத்தஞ்சு கிலோ கூட இருக்கு சார். உள்ள என்ன?"

திறந்து காட்டினார். கொண்டுவந்த பையும் பெட்டியும்தான்.

"உன் மேடையத் தூக்கிக் குப்பையில போடு."

"போன வாரம் நீங்கதான சார் சரிபாத்து சீல் வச்சீங்க?"

மில்லிகிராம் வண்டியை எடுத்தார். ரோட்டில் ஏறியதும் மணி அடித்தது. டிங்... டிங்... பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் மணி.

சீட் காலி.

ஓரமாக நிறுத்தினார். போன் வந்தது. அந்தப் பெண்.

"சார், மேலாளர் முன்னாடியே போட்டுக் காட்டினேன். எண் ஆடவே இல்ல. வேலைக்கு வரச் சொல்லிட்டாரு."

"உனக்கு முன்னாடி அங்க எடை போட்டது யாரு?"

"ஒரு அக்கா. அந்த ஸ்டூல்லயே உயிர் போயிடுச்சு. பாவம், கடைசில ரொம்ப மெலிஞ்சுட்டாங்க... நாப்பத்தஞ்சு கிலோதான்."

டிங்... டிங்...

யாருக்கும் மரியாதை கொடுத்தறியாத மில்லிகிராம், காலி சீட்டைப் பார்க்காமலே சொன்னார்.

"பெல்ட்... போட்டுக்கோங்க அக்கா."

கிளிக்.

மணி நின்றது.