பெயர் தைக்காத சேலை

என் கணவர் இறந்து ஒரு மாதம் ஆனபோது ஊரிலிருந்து அவருடைய அண்ணன் எழுதிய கடிதம் வந்தது. எனக்கு வரவில்லை. தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியாருக்கு வந்தது. தம்பியின் சாமான்கள் எல்லாவற்றையும், முக்கியமாகக் கைக்கடிகாரம், கோட்டு, சைக்கிள் மூன்றையும், தக்க ஆள் மூலம் பத்திரமாக அனுப்பிவைக்க வேண்டியது என்று எழுதியிருந்தார். சைக்கிளைக் கழற்றிச் சாக்கில் கட்டி அனுப்பலாம் என்று யோசனையும் சொல்லியிருந்தார். அந்த ஊரில் சைக்கிள் ஓட்ட ரோடு இருக்கிறதா என்று என் கணவர் உயிரோடு இருந்தபோது நான் கேலி செய்வது உண்டு. கிராணியார் கடிதத்தை இரண்டு முறை படித்துக் காட்டினார். இரண்டு முறையும் அதில் நான் இல்லை.

"ஒங்களையும் சேத்துத்தாம்மா சொல்றாங்க. தனியா வேற எழுதணுமா?" என்றார் கிராணியார். நல்ல மனிதர். அவர் முகத்தைப் பார்த்தால் அவரே அதை நம்பவில்லை என்று தெரிந்தது.

மலாயாவில், பத்தாங் பெர்ஜூந்தைக்கு உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம் அது. என் கணவர் அங்கே தமிழ்ப் பள்ளி வாத்தியார். காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் கொண்டுவந்த அவசரகாலம் தொடங்கி மூன்றாவது வருடம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்து, இருட்டினால் அதைப் பூட்டிவிடுவார்கள். காட்டில் இருப்பவர்களுக்கு இங்கிருந்து அரிசி போகக்கூடாது என்பது சட்டம். அவருக்கு வயிற்று வலி வந்தது கேட் பூட்டிய பிறகு. விடிந்து லோரி ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோவதற்குள் குடல்வால் வெடித்துவிட்டது. சுடுபட்டுச் செத்திருந்தால் பத்திரிகையில் நாலு வரி போட்டிருப்பார்கள். வயிற்று வலிக்கு யார் போடுவார்கள்?

நான் அழவில்லை. அடக்கிக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம், அழுகையே வரவில்லை. சமைத்தேன், கூட்டினேன், குளித்தேன். காலையில் பள்ளிக்கூட மணி அடித்தால், இன்னும் சட்டை போடாமல் என்ன செய்கிறார் என்று ஒரு நிமிடம் தோன்றும். பிறகு அதுவும் போய்விடும். பக்கத்து வீட்டு அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கி, "வாய் விட்டு அழுதிரு புள்ள, உள்ளயே வெச்சு அடைச்சா பைத்தியம் புடிச்சிரும்" என்றாள். சரி அக்கா என்றேன். லயத்தில் எனக்குக் கல்நெஞ்சுக்காரி என்று பெயர் வந்தது. கல்லுக்கு இருக்கிற சௌகரியம் அப்போது எனக்கும் இருந்தது.

எனக்கு என்று மனிதர்கள் யாரும் இல்லை. நான் அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப்போன என் அப்பா திரும்பி வரவில்லை. அம்மா அதற்கடுத்த வருடம் காய்ச்சலில் போய்விட்டாள். ஊர் என்று எல்லாரும் சொல்வதை நான் பார்த்ததே கிடையாது. அது அவருடைய ஊர், நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கி மாட்டு வண்டியில் போக வேண்டும் என்று சொல்வார். அங்கே அவருக்கு அத்தை மகளைப் பேசி வைத்திருந்தார்கள். இவர் இங்கேயே என்னைக் கட்டிக்கொண்டார். வீட்டில் கோபமாக இருப்பார்களே என்று கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு, கப்பல் வந்து நிற்கும் கிள்ளானுக்குப் போய்விட்டு வந்தவர் ஒரு பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். அம்மா கப்பலில் ஒரு ஆளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள் என்றார். பிரித்தால் கூறைச் சேலை. அரக்கு நிறம், கடுகு மஞ்சளில் கரை. கடிதம் ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். அம்மாவுக்கு எழுதத் தெரியாதே என்றார். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் தாலி வாங்கினேன். கோபமான மாமியார் சேலை அனுப்புவாளா? அந்த ஒரு சேலையை வைத்துக்கொண்டு, என்னை அந்த வீட்டில் சேர்த்தாகிவிட்டது என்று நாலு வருடம் நிம்மதியாக இருந்தேன்.

பள்ளிக்குப் புதிய வாத்தியார் வரப்போகிறார், வாத்தியார் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கிராணியார் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த நேரத்தில்தான் வேலையாட்களைக் கண்காணிக்கும் மண்டோர் ஒருவர் வேலையை விட்டு ஊருக்குப் புறப்பட்டார். அவருக்கும் நாகப்பட்டினம் பக்கம்தான். என் கணவரின் சாமான் பெட்டியைத் தன் சாமானோடு சேர்த்துக் கொண்டுபோய் ஊரில் அண்ணன் வீட்டிலேயே இறக்கிவிடுவதாக ஒப்புக்கொண்டார்.

"பெட்டி மட்டும் என்னாத்துக்கு? நீயும் ஒரு டிக்கெட்ட எடுத்துக்கிட்டு வந்துரும்மா" என்றார்.

"கூப்பிடட்டும் மாமா."

"கூப்புட்டாத்தான் போவியா? ஒம் புருசன் வீடுலா அது."

புருஷன் இல்லாத புருஷன் வீட்டில் அழையாமல் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. கூப்பிட்டால் போவேன். கூப்பிடாவிட்டால் லயத்தில் ஓர் அறை, ஆயாக் கொட்டகையில் பால்மரம் வெட்டப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எது நடந்தாலும் சரி என்றுதான் வெளியே சொன்னேன். உள்ளே கூப்பிட வேண்டும் என்று இருந்தது. மரத்துப்போன காலில் ஓர் இடத்தில் மட்டும் முள் குத்துவது தெரிகிற மாதிரி, அந்த ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

ஊருக்குப் பெட்டி போகிறது என்றால் அது ஒரு ஆள் பெட்டியாக இருக்காது. மண்டோரின் பெட்டி ஏற்கெனவே நிறைந்துவிட்டதால் லயத்தார் என் வீட்டுக்கு வந்தார்கள். வாத்தியாரின் சொந்த ஊர் கொஞ்சம் பெரிய ஊர், அங்கே இறக்கிவைத்தால் சுற்றுப்பட்டுக் கிராமத்தார் வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று கணக்கு. துக்க வீடு என்பதால் முதலில் கூச்சப்பட்டார்கள். ஒருத்தி ஒரு ரவிக்கைத் துணியோடு வந்த பிறகு கூச்சம் போய்விட்டது. தங்கச்சிக்குச் சேலை, மச்சானுக்குக் கைலி, யாரோ ஒரு சித்தப்பாவுக்குப் போர்வை, மூட்டு வலித் தைலம். பக்கத்து வீட்டு அக்கா தன் தாய்க்கு ஒரு பால் டின் கொண்டுவந்தாள். உயிரோடு இருந்தபோது அவர் பெட்டியில் இத்தனை துணி இருந்ததே இல்லை.

ஒவ்வொரு பொட்டலத்துக்கும் நான் ஒரு துணித்துண்டில் மையால் எழுதித் தைத்தேன். இன்ன ஊர், இன்னாருக்கு, இன்னார் கொடுத்தது. எழுதத் தெரியாத ஜனங்கள், நான் எழுதுவதை உட்கார்ந்து பார்த்தார்கள். "பெரிய எழுத்தா போடு வாத்தியாரம்மா, அப்பத்தான் மதிப்பா இருக்கும்" என்றார் ஒருவர். போட்டேன். மூன்று நாள் இந்த வேலைதான். கை பாட்டுக்குத் தைத்தது. அந்த மூன்று நாளும் எனக்கு நன்றாகவே தூக்கம் வந்தது.

எல்லாம் முடிந்த பிறகு கூறைச் சேலையை எடுத்தேன். இனி நான் கட்ட முடியாத சேலை. முகூர்த்தத்துக்கும் இரண்டு தீபாவளிக்கும் கட்டியது, புதிதுபோலவே இருந்தது. அதைப் பெட்டியின் அடியில், அவருடைய கோட்டுக்குக் கீழே வைத்தேன். அதற்கும் ஒரு துணித்துண்டு வெட்டினேன். என்ன எழுதுவது? மாமியாருக்கு, மருமகள் கொடுத்தது என்றா? மருமகள் என்று அவள் இன்னும் என்னைக் கூப்பிட்டதில்லையே. பெயரை மட்டும் போடலாம் என்றால், பெயர் தெரியுமோ என்னவோ. எழுதாமல் விட்டேன். அவள் பார்த்து வாங்கிய சேலை, அவளுக்குத் தெரியாதா? பிரித்தவுடன் என் நினைவு வரும், பெண் தனியாகக் கிடக்கிறாளே வரச்சொல் என்று மகனிடம் சொல்வாள். வாய் விட்டுக் கேட்க வெட்கப்பட்டவள் சேலையைக் கேட்கச் சொல்லி அனுப்பினேன்.

புறப்பட்ட அன்று காலை கேட்டில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். போலீஸ் கடுதாசி இருந்தது. ஆனாலும் காவலுக்கு இருந்த மலாய்க்காரர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து உதறினார். நான் மூன்று நாள் மடித்தது ஐந்து நிமிடத்தில் செம்மண் ரோட்டில் கிடந்தது. பால் டின்னைப் பார்த்ததும் மூடியிருக்கிற டின் வெளியே போகக்கூடாது என்று ஆணியால் இரண்டு ஓட்டை போட்டார். அதுதான் உத்தரவு. ஓட்டை போட்ட பால் காட்டுக்குள் இருப்பவனுக்கும் உதவாது, கப்பலில் நாகப்பட்டினத்துக்கும் போய்ச் சேராது. அக்கா டின்னை வாங்கி அங்கேயே ஒரு வாய் குடித்துவிட்டு, "எங்கம்மாவுக்குக் குடுத்து வெச்சது அவ்வளவுதான்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும், சரியாக நினைவில்லை.

கடைசியில் அடியிலிருந்த சேலை வெளியே வந்தது. மற்ற எல்லாவற்றிலும் துணித்துண்டு இருக்க, இதில் மட்டும் இல்லாததால் அவருக்குச் சந்தேகம். இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, "சியாப்பா பூன்யா?" என்றார். யாருடையது என்று கேட்கிறார்.

"சாயா பூன்யா" என்றேன். என்னுடையது.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சேலையை என் கையிலேயே கொடுத்தார். அவருக்குத் தெரிந்த மாதிரி மடிக்கவும் பார்த்தார், வரவில்லை. நான் மண்ணைத் தட்டி மடித்து மறுபடியும் அடியில் வைத்தேன். லோரி கிள்ளானுக்குப் போனது. மண்டோர் கை ஆட்டினார். பெட்டியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் என் கணவரின் பெயரும் ஊரும் வளைவு திரும்பும்வரை தெரிந்தன.

அதற்கடுத்த வாரம் வாத்தியார் வீட்டைக் காலி செய்தேன். லயத்தில் அறை கொடுத்தார்கள். ஆயாக் கொட்டகையில் தொட்டிலாட்டினேன். தபால் வரும் நாட்களில் கிராணியார் ஆபீஸ் பக்கமாக எனக்கு ஏதாவது வேலை இருக்கும். இரண்டு மாதம் இருந்தது. மூன்றாவது மாதம் அவரே கூப்பிட்டுக் கொடுத்தார். கடிதம் அவருக்குத்தான், ஆனால் படிக்காமல் என் கையில் கொடுத்தார்.

பெட்டி வந்து சேர்ந்தது என்று எழுதியிருந்தது. கடிகாரம் ஓடுகிறது. சைக்கிளில் ஒரு மிதிகட்டை இல்லை, கப்பலில் போயிருக்கலாம். சுற்றுப்பட்டார் வந்து அவரவர் பொட்டலத்தை வாங்கிப்போனார்கள். பிறகு இப்படி இருந்தது: "அடியில் ஒரு கூறைச் சேலை இருந்தது. பெயர் இல்லை. அம்மாவிடம் காட்டினோம், பார்த்ததே இல்லை என்கிறாள். ஒரு மாதம் வைத்திருந்தும் கேட்டு யாரும் வரவில்லை. மலாயாச் சேலை, நன்றாக இருந்தபடியால் நம் சின்னத் தங்கச்சிக்கு முகூர்த்தத்துக்கே கட்டிவிட்டோம். துக்க வருடம் முடிவதற்குள் ஒரு நல்ல காரியம் ஆக வேண்டும் என்று வைத்த கல்யாணம் சிறப்பாக நடந்தது. சேலை யாருடையது என்று விசாரித்து எழுதவும்."

அந்த வரியை மறுபடியும் படித்தேன். அம்மா பார்த்ததே இல்லை. அப்படியானால் அது கப்பலில் வரவில்லை. கிள்ளானில் வாங்கியது. வாத்தியார் சம்பளத்தில், கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு தாய் எடுப்பது போல நிறம் பார்த்துக் கரை பார்த்து எடுத்துவந்து, அம்மா கொடுத்தாள் என்று என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் பொய் சொல்கிற பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றுகிற மனுஷன்.

அங்கேயே, ஆபீஸ் வாசலில், பட்டப்பகலில் அழுதேன். ஐந்து மாதம் வராத அழுகை. கிராணியார் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். என்னவென்று கேட்டதற்கு ஒன்றுமில்லை, சைக்கிளில் மிதிகட்டை காணோமாம் என்றேன்.

பதில் நானே எழுதுவதாகச் சொல்லிக் காகிதம் வாங்கிக்கொண்டேன். அந்தச் சேலை என்னுடையது என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த வீடு கதிகலங்கிப் போகும். அறுத்தவள் சேலையைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்திருக்கிறாள் பெண். இனி அவள் புருஷனுக்குத் தலை வலித்தாலும் அந்தச் சேலையைத்தான் சொல்வார்கள். எழுத ஆசையாக இருந்தது, மறைப்பானேன். நாலு மாதம் என்னை வாசல் பார்க்க வைத்தவர்களை ஒரு வரியால் ஆயுசுக்கும் பயப்பட வைத்துவிடலாம். ஆனால் பயப்படப்போவது அவர்கள் இல்லை, அந்தப் பெண். முகம் தெரியாத நாத்தனார். அவள் எனக்கு என்ன செய்தாள்? அந்த வீட்டிலேயே என் சேலையைத் தொட்டு எடுத்து உடுத்தியவள் அவள் ஒருத்திதான்.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினேன். சாமான்கள் சேர்ந்ததில் சந்தோஷம். மிதிகட்டை இங்கே இல்லை. தாங்கள் கேட்டபடி லயத்தில் எல்லாரிடமும் விசாரித்துவிட்டேன், அந்தச் சேலை யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது.